பதினோராம் எண் அடிபம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டப்படிப்பு மாணவர்களும் ஆசிரியரோடு உட்கார்ந்து சொந்தமாக ஆய்வு செய்யலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. முப்பத்தோரு ஆண்டுகள் அரசு கலைக் கல்லூரிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். உங்கள் துறைத் தலைவர்களும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்.

நான் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி. எங்கள் ஆய்வகத்தில் பியூரெட், பிப்பெட், ஒரு பழைய பி.எச். மீட்டர் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆய்வு என்பது ஐ.ஐ.டி.யில் செய்வதுதானே? எங்களால் புதிதாக என்ன கண்டுபிடிக்க முடியும், அம்மா?
மாணவி, அரூர்

இப்படி யாராவது கேட்டால் உடனே சர் சி.வி. ராமனை இழுப்பது நம் வழக்கம். நானும் இழுக்கிறேன், ஆனால் அவர் மேதை என்று சொல்வதற்காக அல்ல. 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘பிலசாஃபிகல் மேகஸின்’ இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. வயது பதினெட்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர். வயதை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு பி.எஸ்சி. வகுப்பில் இருக்க வேண்டிய பையன். செவ்வகப் பிளவின் மேல் ஒளி சாய்வாக விழும்போது தெரியும் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் கட்டுரையின் விஷயம். அதற்குக் கருவி, கல்லூரி நிறமாலைமானி. முப்பட்டகத்தின் கோணம் அளக்க எல்லா மாணவர்களும் கண் வைத்துப் பார்த்த அதே கருவி. அது உங்கள் கல்லூரி இயற்பியல் துறையிலும் இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள்.

ராமனை இத்தோடு விட்டுவிடலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2004-இல் நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆய்வக வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள். “எங்கள் தெருவில் இரண்டு அடிபம்பு இருக்கிறது மேடம். ஒன்றின் தண்ணீரில் பருப்பு வேகிறது, இன்னொன்றின் தண்ணீரில் வேகவே மாட்டேன் என்கிறது. ஏன்?” என்றாள். கடினநீர் பற்றி நான் பத்து நாட்களுக்கு முன்தான் நடத்தியிருந்தேன். கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அந்தப் பலகைக்கும் தன் வீட்டு அடுப்புக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்ட முதல் மாணவி அவள். பதில் எனக்குத் தெரியும் என்று வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். பொதுவான பதில் தெரியும். அந்தத் தெருவில் எந்தப் பம்பில் எவ்வளவு, மழைக்கு முன் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு என்று கேட்டால் எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது. யாரும் அளந்ததில்லை.

அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து ஊரிலுள்ள பதினான்கு அடிபம்புகளுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை சனிக்கிழமைதோறும் தண்ணீர் பிடித்தார்கள். பழைய குளிர்பான பாட்டில்கள்தாம். எந்தப் பம்பின் தண்ணீரோ அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிறகே பிடிக்க வேண்டும் என்பது மட்டும் நான் விதித்த கட்டளை. தருமபுரித் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடு நினைவுக்கு வரும். அதைச் சரியாக அளக்க எங்களிடம் வசதி இல்லை. ஆகவே அதைத் தொடவில்லை. கேள்வி எவ்வளவு பெரியது என்பதைவிட, நம் கையால் நம்பகமாக எதை அளக்க முடியும் என்பதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

தரம்பார்க்கும் முறை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 50 மில்லி தண்ணீர், கொஞ்சம் அம்மோனியா பஃபர், ஒரு சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. குடுவை திராட்சைச் சாறு நிறத்துக்கு வரும். 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டிலிருந்து விட்டுக்கொண்டே வர வேண்டும். சிவப்பு மங்கி ஊதா ஓடி, கடைசித் துளியில் நீலம் தெளியும். அந்தக் கடைசி நிலையில் அவசரப்பட்டால் போச்சு. செலவான மில்லியை இருபதால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று வந்துவிடும். தேர்வில் மதிப்பெண்ணுக்காக நீங்கள் செய்யும் இதே முறையில் ஓர் ஊரின் தண்ணீரையே அளந்துவிடலாம்.

மூன்று ஆண்டுகள் வறட்சி. அந்த அக்டோபரில்தான் மழை பெய்தது. எதிர்பார்த்தபடி பம்புகளில் கடினத்தன்மை இறங்கியது. 640 இருந்த இடத்தில் 410. நவம்பர் இரண்டாம் வாரம் பதினோராம் எண் பம்பில் மட்டும் 780 என்று எழுதிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். செப்டம்பரில் அது 540. மழை பெய்து தண்ணீர் ஏறினால் உப்பு குறைய வேண்டுமே தவிர ஏறக் கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று பேருக்கும் நடுவில் வைத்து, “நிறம் மாறின பிறகும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?” என்று கேட்டேன்.

அவள் பதில் பேசவில்லை. நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். செலவான மில்லி மூன்று முறை எழுதியிருந்தது: 38.9, 39.1, 39.0. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: “நேற்று இரவு மழை. மேடை ஈரம். தண்ணீர் நாக்குக்கு உவர்ப்பு.” அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பஃபர் பாட்டிலை மூடாமல் வைத்திருப்பார்கள், அம்மோனியா பறந்திருக்கும், நிறம் மாறுவது மங்கலாகியிருக்கும் என்றேன். புது பஃபர் கலக்கினோம். ஈ.டி.டி.ஏ.வை மறுபடி நிர்ணயம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவள் ஊருக்கு நானே போனேன். ஐம்பது அடி அடித்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டு என் கையாலேயே பிடித்தேன். திங்கட்கிழமை காலை என் கையாலேயே தரம்பார்த்தேன். 39.2.

அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக கேன்டீனில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அது போதாது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

நிலத்தடி நீர் பற்றித் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். “அந்தப் பம்பு பள்ளத்தில் இருக்கிறதா? பக்கத்தில் உவர் பூத்த நிலம் உண்டா?” உண்டு. வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும், கோடையில் செருப்பில் ஒட்டும். வறட்சியில் மேல்மண்ணில் சேர்ந்து கிடக்கிற உப்பு முதல் நல்ல மழையில் கரைந்து கீழே இறங்குவதுண்டு என்றார். சரி, சொல்லிவிட்டார், நம்பிவிட்டோம் என்று இருக்க முடியுமா? மூன்று பேரும் அந்த நிலத்து மண்ணையும், நான்காம் எண் பம்புக்குப் பக்கத்து மண்ணையும் ஒரே எடையில் எடுத்தார்கள். ஒரே அளவு வாலை வடிநீரில் குலுக்கி, வடிகட்டி, தரம்பார்த்தார்கள். நான்காம் எண் மண்ணில் பியூரெட்டைத் திறந்த உடனே நீலம் வந்துவிட்டது. பதினோராம் எண் மண்ணுக்கு விட்டுக்கொண்டே இருந்தார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மூன்று முகங்களையும் நான் அன்று பார்த்தேன். அதற்குமுன் அவர்கள் ஆய்வகத்தில் செய்ததெல்லாம் எனக்கு விடை தெரிந்த கணக்குகள். இது யாருக்கும் விடை தெரியாத கணக்கு.

இதை வைத்து அவர்கள் எழுதிய கட்டுரை எந்தப் பெரிய இதழிலும் வரவில்லை. கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்தார்கள். மாற்று ஆதாரம் இல்லாத இடத்தில் குடிநீருக்கு அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 600 என்பதால், அதைத் தாண்டிய பம்புகளின் பட்டியலைப் பஞ்சாயத்துத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பருப்பு வேகாத பம்பு எது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அது அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு முன்பே தெரிந்த விடைதான். எவ்வளவு என்பது மட்டும் புதிது.

உங்களிடம் பியூரெட் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் தெருவில் எத்தனை பம்பு?

ஆய்வு அனுபவம் வேண்டும் என்று பல நிறுவனங்களின் பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சிபாரிசு இருந்தால்தான் நடக்குமா?
மாணவர், விருதுநகர்

நாற்பது பேருக்கும் ஒரே கடிதம்தானே அனுப்பினீர்கள்? “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய ஆவலாக உள்ளேன், இத்துடன் என் தன்விவரம்.” இதை எழுத உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அழிக்க அவருக்கு இரண்டு நொடி ஆகியிருக்கும். ‘ஐயா’ என்று ஆரம்பித்த கடிதங்கள் எனக்கே நிறைய வந்திருக்கின்றன. நான் யார் என்றுகூடப் பார்க்காமல் அனுப்பியவருக்கு நான் என்ன பதில் எழுதுவது?

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி ஆனர்ஸ் மாணவர் ஒருவர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். பெயர் சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். சோமர்ஃபெல்டு எழுதிய அணு அமைப்புப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் போனார். அதில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, இப்போது குவாண்டம் இயக்கவியல் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று பெரியவர் சொல்லிவிட்டார். பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தனுப்பினார். அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. இதில் நான் பார்ப்பது நோபலை அல்ல. போனவர் படித்துவிட்டுப் போனார். அதனால்தான் பேச்சு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடாமல் ஒரு கட்டுரை வரை போனது.

நாற்பது வேண்டாம், நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையைப் படியுங்கள். முழுவதும் புரியாது. புரிய வேண்டியதில்லை. புரியாத இடம் எது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். “உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தில் வெப்பநிலை ஏறும்போது கோடு ஏன் வளைகிறது என்று எனக்குப் புரியவில்லை” என்ற ஒரு வாக்கியம் உங்கள் மதிப்பெண் பட்டியலைவிடப் பேசும். எத்தனை வாரம் வர முடியும், தங்குவதற்கு வழி இருக்கிறதா, என்ன வேலை செய்யத் தெரியும் என்பதை மூன்று வரியில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் துரத்தாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு எழுதினீர்களே, உங்கள் கல்லூரியில் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் ஒருநாளாவது போய்ப் பேசினீர்களா?

என் மகன் பொறியியல் கடைசி ஆண்டு. பிராஜெக்ட் சென்டரில் 12,000 ரூபாய் கட்டினால் எல்லாம் முடித்து, அறிக்கையும் அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்களாம். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கட்டலாமா?
ஒரு தந்தை, திண்டுக்கல்

கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் அவனுக்கு ஒரு நல்ல மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வாங்கிக் கொடுத்தாலும் மிச்சம் வரும்.

“எல்லோரும் செய்கிறார்கள்” என்பது உண்மைதான். நான் வெளித்தேர்வாளராகப் போன இடங்களில் ஒரே அறிக்கையை ஒரே எழுத்துப்பிழையோடு வேறு வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “முதல் தடவை ஏன் வேலை செய்யவில்லை?” தானே செய்த மாணவனின் முகம் மலர்ந்துவிடும். வயர் அறுந்தது, மின்சாரம் போனது, நிரலில் ஒரு குறி விடுபட்டது என்று நிறுத்தாமல் பேசுவான். காசு கொடுத்து வாங்கியவன், “முதல் தடவையே நன்றாக வந்துவிட்டது மேடம்” என்பான்.

வேலைக்கான நேர்காணலிலும் இதே கேள்வி வரும். அங்கே அவனுக்காகப் பதில் சொல்ல சென்டர்காரர் வர மாட்டார்.

எங்கள் ஆசிரியருடன் ஓராண்டு வேலை செய்தேன். மாதிரிகள் சேகரித்தது, அளந்தது, வரைபடம் போட்டது எல்லாம் நான்தான். கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் கடைசியில் நன்றி நவிலலில் இருக்கிறது. கட்டுரையாசிரியர் பட்டியலில் கல்லூரி முதல்வரின் பெயர் இருக்கிறது. இது சரியா?
பெயர் மட்டுமல்ல, ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

சரியில்லை.

வேலைக்கு உண்மையாகவே பங்களித்து, எழுதுவதிலோ திருத்துவதிலோ கை வைத்து, இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டு, தவறு வந்தால் பதில் சொல்லவும் தயாராக இருப்பவரே கட்டுரையாசிரியர் என்பது மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர் குழு வகுத்த விதி. மற்றத் துறைகளும் ஏறக்குறைய இதைத்தான் பின்பற்றுகின்றன. அறைக்குச் சாவி கொடுத்தவர், பதவியில் மேலே இருப்பவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பதில்லை. உங்கள் பக்கம் ஒரு சிறு ஓட்டை இருக்கலாம். அளந்தீர்கள், வரைந்தீர்கள், எழுதினீர்களா? எழுதச் சொல்லவே இல்லை என்பீர்கள். அதுவும் ஆசிரியரின் தவறே. எழுதும் வாய்ப்பைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, எழுதவில்லை என்று கழிப்பது பழைய வித்தை.

வந்துவிட்ட கட்டுரைக்காகச் சண்டை போடுவதா வேண்டாமா என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. இன்னும் அவர் கையில் உங்கள் உள்மதிப்பீட்டு மதிப்பெண் இருக்கிறதென்றால், அது முடியும்வரை பொறுங்கள் என்று சொல்வேன். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். உங்கள் நோட்டுகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாரோடு வேலை தொடங்கினாலும் முதல் வாரத்திலேயே, சிரித்த முகத்தோடு, “இது கட்டுரையாக வந்தால் என் பெயர் எங்கே வரும் சார்?” என்று கேட்டுவிடுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

நான் கௌரவ விரிவுரையாளர். கடைசிப் பருவத்தில் பதினெட்டு மாணவர்களின் திட்டப்பணியை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆய்வகத்துக்கு நிதி இல்லை, எனக்கு நேரமும் இல்லை. பதினெட்டுத் தலைப்புக்கு எங்கே போவது?
விரிவுரையாளர், திருவாரூர்

பதினெட்டுத் தலைப்பு எதற்கு? ஒரு தலைப்பு போதும்.

உங்கள் ஊரில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு குளம், குளத்துக்கு மூன்று மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே முறை, ஒரே படிவம், ஒரே கிழமை. ஒவ்வொரு குழுவுக்கும் தன் குளம் தனி, கேள்வியும் தனி. ஆனால் முறையைப் பதினெட்டு முறை சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஒருமுறை சொன்னால் போதும். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நோட்டை விரித்துப் பேசட்டும். ஒரு குழுவின் தவறை இன்னொரு குழுவே கண்டுபிடித்துவிடும். உங்கள் வேலை பாதியாகக் குறையும். என் அனுபவத்தில் மாணவர்களுக்கு வேண்டியது ஆசிரியரின் பரந்த அறிவு அல்ல, வாரம் தவறாத அந்த ஒரு மணி நேரம். நான் அதைத் தவறவிட்ட ஆண்டுகளில் வந்த திட்ட அறிக்கைகளை இன்றைக்கு எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

வேதிப்பொருள் வாங்கவும் காசில்லை என்றால் மரங்கள் இருக்கின்றன. கல்லூரி வளாகத்துப் புங்கையும் கொன்றையும் எந்த வாரம் துளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன, எப்போது காய்க்கின்றன என்று குறித்துவருவதற்கு ஒரு பைசா செலவில்லை. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் நாடு முழுவதும் பள்ளிக் குழந்தைகள்கூட இதைச் செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் மாணவர் திட்டப்பணிகளுக்குச் சிறு நிதி உதவித் திட்டம் உண்டு. விண்ணப்பத்தில் வழிகாட்டியின் கையெழுத்தும் கல்லூரியின் ஒப்புதலும் வேண்டும், அதற்கு அலுவலக மேசைகளைச் சுற்ற வேண்டியிருக்கும். எழுத்தரோடு இப்போதே சுமுகமாக இருங்கள்.

உங்கள் சம்பளத்துக்கும் உங்கள்மேல் ஏற்றும் பாரத்துக்கும் பொருத்தமே இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது.

நான்காண்டுப் பட்டம் படித்தால்தான் ஆய்வு செய்ய முடியுமா?
மாணவி, காரைக்கால்

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டை ஆய்வோடு கூடிய ஆனர்ஸாகப் படிக்கலாம். உங்கள் கல்லூரியில் அது இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அங்கும் கடைசிப் பருவத் திட்டப்பணி பல பாடங்களில் உண்டு. 74 சதவீதம் எடுத்தவருக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை, விதிதான் சொல்கிறது.

கோடை விடுமுறையில் ஆய்வு நிறுவனங்களுக்குப் போக வழி உண்டா? பணம் கட்ட வேண்டுமா?
மாணவர், ஓசூர்

வழி உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். அவர்கள்தாம் உங்களுக்குப் பணம் கொடுப்பார்கள். விண்ணப்பம் கோடையில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கேட்கப்படும். இதை மார்ச்சில் விசாரித்துவிட்டு வருத்தப்படுபவர்களே அதிகம். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், ஐ.ஐ.டி., மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. ஓசூரிலிருந்து பெங்களூரு ஒரு மணி நேரம். உங்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

உங்களிடம் பணம் கேட்டு ‘ஆய்வுப் பயிற்சிச் சான்றிதழ்’ தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

எங்கள் கட்டுரையை ஒரு சர்வதேச இதழ் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டுவிட்டது. 2,500 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது!
மாணவர்கள் மூவர், நாமக்கல்

மூன்று நாளில் அதை யார் படித்தார்கள்? ஒரு கேள்வியாவது கேட்டார்களா? ஒரு கமாவையாவது திருத்தினார்களா? பணத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் நல்ல பிரியாணி சாப்பிடுங்கள், பிறகு கட்டுரையை உங்கள் துறையிலேயே கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த ஆசிரியரிடம் கொடுத்துத் திட்டு வாங்குங்கள்.

நான் நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு. வேப்பிலைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்பது என் திட்டப்பணி. மூன்று முறை செய்தும் தட்டில் சாற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வாரம் வைவா. சீனியர் அக்காவின் அறிக்கையில் 14 மி.மீ., 16 மி.மீ. என்று இருக்கிறது. அதையே கொஞ்சம் மாற்றி எழுதிவிடு என்கிறார்கள் தோழிகள். எங்கள் மேடத்திடம் சொல்லப் பயமாக இருக்கிறது.
மாணவி, கோவில்பட்டி

முதலில் ஒரு கேள்வி. அதே தட்டில் எதிர்உயிரி மருந்து தோய்ந்த காகித வட்டு ஒன்று வைத்தீர்களா? அதைச் சுற்றி வளையம் வந்ததா?

வந்திருந்தால் உங்கள் தட்டு சரி, பாக்டீரியா சரி, நீங்கள் செய்த முறையும் சரி. நீங்கள் எடுத்த அந்தச் சாறு, அந்தச் செறிவில், அந்தப் பாக்டீரியாவைத் தடுக்கவில்லை. அது தோல்வி இல்லை, அதுதான் விடை. மருந்துக்கும் வளையம் வரவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. மருந்து வட்டு பழசா, பாக்டீரியாவை அளவுக்கு மீறித் தடவினீர்களா, பாக்டீரியா வளரும் அகார் கூழின் தடிமன் கூடிவிட்டதா என்று பாருங்கள். மருந்து வட்டே வைக்கவில்லை என்றால், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தட்டு ஊற்றி, தடவி, ஓர் இரவு வைத்துப் பார்க்க இரண்டு நாள் போதும். சாற்றை எதில் எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். வெந்நீரில் இறங்காத பொருள்கள் எத்தனாலில் இறங்கும். எத்தனாலில் எடுத்திருந்தால் வெறும் எத்தனாலையும் ஒரு வட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேம்பு கொன்றதா சாராயம் கொன்றதா என்று யார் சொல்வது?

சீனியர் அக்காவின் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். எங்காவது 6 மி.மீ. என்று ஓர் அளவு இருக்கிறதா? நான் வெளித்தேர்வாளராகப் போனபோதெல்லாம் அதைத்தான் முதலில் தேடுவேன். 6 மி.மீ. என்பது அந்தக் காகித வட்டின் சொந்த அகலம். வளையமே இல்லாத இடத்தில் காகிதத்தையே அளந்து ‘தடுப்பு மண்டலம் 6 மி.மீ.’ என்று எழுதி, அதற்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போட்டு, வேம்பின் மகத்துவம் பற்றி ஒரு பத்தியும் சேர்த்திருப்பார்கள்.

மேடத்திடம் நாளைக் காலையே போங்கள். மூன்று தட்டுகளையும் கழுவிவிடவில்லையே? அவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நோட்டையும்தான். திட்டினால் திட்டட்டும், நானும் திட்டியிருக்கிறேன். தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்காமல் எந்த நுண்ணுயிரியல் ஆசிரியராலும் இருக்க முடியாது. அவர் கையை நீட்டும்வரை பேசாமல் நில்லுங்கள்.